கலப்பின நாய்க்குட்டி வாங்கப் போகிறீர்களா? கவனிக்க 10 குறிப்புகள்

அடுக்குமாடி வீடுகளில் ஷிட்சு–லாசா ஆப்சோ, பொமரேனியன்–ஸ்பிட்ஸ் போன்ற சிறிய கலப்பின நாய்களுக்கு மவுசு அதிகம். சிறிய நாய்கள் 12 முதல் 15 ஆண்டுகள் வரைகூட வாழும். அத்தனை காலம் நம்மோடு இருக்கப்போகும் உயிரை அவசரப்பட்டு வாங்கக் கூடாது.

1. குட்டிக்கு முன் தாயைப் பாருங்கள். அது படுத்திருக்கும் இடம் சுத்தமாக இருக்கிறதா? ஆட்களைக் கண்டால் வாலாட்டுகிறதா, ஒடுங்குகிறதா? தாயைக் காட்டாமல் குட்டியை மட்டும் தெருமுனைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

2. நம் நாட்டில் 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தாய்க்கு என்ன வயது, இது எத்தனையாவது ஈற்று என்றும் கேளுங்கள். 18 மாதம் நிரம்பாத நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது.

3. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்பது விதிமீறல். உடன்பிறந்தவற்றோடு விளையாடும்போதுதான், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி பின்னாளில் பயந்து கடிக்கக்கூடும்.

4. ‘கிராஸ் என்றால் நோயே வராது’ என்பதை நம்பாதீர்கள். பெற்றோர் இருவருக்கும் பொதுவான குறை குட்டிக்கும் வரலாம். சிறிய இனங்களில் பின்னங்கால் முழங்கால் சில்லு விலகுவது சகஜம். தாய், தகப்பன் இரண்டையும் கால்நடை மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

5. குட்டியைக் கையில் எடுத்துச் சோதியுங்கள். கண்ணில் பீளை, மூக்கில் சளி, காதில் நாற்றம் இருக்கக் கூடாது. மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். விலா எலும்பு தெரிய, வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழு இருக்கலாம். தொப்புளில் புடைப்பு இருந்தால் குடலிறக்கமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வாலுக்குக் கீழே மலம் ஒட்டியிருந்தால் வயிற்றுப்போக்கு இருக்கலாம்.

6. தரையில் விட்டு ஓடவிடுங்கள். அவ்வப்போது ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு துள்ளினால் முழங்காலில் கோளாறு இருக்கலாம். தட்டை முகக் குட்டி என்றால் சிறிது விளையாட விட்டு மூச்சைக் கவனியுங்கள். கர்கர் என்ற சத்தமும் ஒடுங்கிய மூக்குத் துவாரமும் நம் ஊர் வெயிலில் ஆபத்து.

7. குட்டிக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் கீழே போடுங்கள். திடுக்கிட்டாலும் உடனே வந்து முகர்ந்து பார்க்கும் குட்டியே நல்ல தேர்வு. மூலையில் பதுங்கி வெளியே வராத குட்டியைப் பழக்க மிகுந்த பொறுமை வேண்டும்.

8. தடுப்பூசிப் புத்தகத்தில் மருந்தின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் கையெழுத்து, முத்திரை நான்கும் இருக்க வேண்டும். முதல் ஊசி 6–8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை இடைவெளி விட்டுத் தொடர வேண்டும். ஊசி போடாத குட்டிகளுக்கு எமன் பார்வோ வைரஸ். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாத வயதில் போட வேண்டும்.

9. ‘டீக்கப்’ என்று தனியாக ஓர் இனம் கிடையாது. அளவுக்கு மீறிச் சிறுத்த குட்டிகளுக்கு எலும்பு எளிதில் முறியும். பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். சிறிய குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாக உணவு கொடுங்கள். தள்ளாடினாலோ துவண்டாலோ, ஈறில் சிறிது தேன் தடவியபடி மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

10. மருத்துவர் குறை கண்டால் குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதி வாங்குங்கள். வாங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் பரிசோதனை செய்துவிடுங்கள். முதல் வாரம் விற்றவர் கொடுத்துவந்த உணவையே கொடுத்து, பிறகு மெல்ல மாற்றுங்கள்.

நல்ல வளர்ப்பாளர் உங்களிடமும் கேள்வி கேட்பார்: வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், நடைக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று. அதற்காகக் கோபப்படாதீர்கள். பாவம் பார்த்து நோய்க்குட்டியைக் காசு கொடுத்து வாங்கினால், அதே கூண்டில் அடுத்த ஈற்றுக்கு வழி செய்தவர்களாவோம். தாயை நன்றாக வைத்திருப்பவரிடம் மட்டுமே வாங்குங்கள்.