மேசைமேற் போர்க்களம்

விளையாட்டெல்லாம் மைதானத்துக்கே உரியன அல்ல. மழைநாளில் வீட்டினுள்ளிருந்து ஆடுவனவும் உள. முதுமை வந்த பின்னரும் கைவிடப்படாதனவும் உள. அத்தகையவற்றுள் ஒன்று மேலைநாட்டிற் பிறந்து வளர்ந்த மேசைப் போர்விளையாட்டு. ஈயத்தாலோ பிளாஸ்டிக்காலோ வார்க்கப்பட்ட விரலளவு வீரர்களை அணிவகுத்து, நண்பர் இருவர் மேசையின் இருபுறமும் நின்று, முன்னரே ஒப்புக்கொண்ட விதிகளுக்கமையப் பொருதுவதே அதுவாகும்.

யாம் கல்லூரியை விட்டு நீங்கிச் சில ஆண்டுகள் இங்கிலாந்திற் பணிபுரிந்த காலத்தில் இவ்விளையாட்டை முதன்முதற் கண்டோம். உடன் பணியாற்றிய அன்பர் ஒருவர் சனிக்கிழமை மாலையொன்றில் எம்மைத் தம் இல்லத்துக்கு அழைத்தார். உணவு மேசையிற் பச்சைத் துணி விரிக்கப்பட்டிருந்தது. துணியின்கீழ் வைத்த புத்தகங்கள் குன்றுகளாயின; நீலக் காகிதம் ஆறாயிற்று. நரைத்த தலையினர் நால்வர் அளவுகோலும் பகடையும் கையிலேந்தி, மிக்க கவனத்தோடு பொம்மைகளை நகர்த்திக்கொண்டிருந்தனர். கண்டு முதலில் நகைத்தோம். நகைப்பு அடங்கியதும் ஓர் ஐயம் எழுந்தது. 1983 முதல் 2009 வரை போரின் கொடுமையை மெய்யாகவே கண்ட நாட்டிற் பிறந்த நாம், போரை விளையாட்டாகக் கொள்ளுதல் தகுமோ? அவ்வையத்துக்கு விடைகாண முயன்றதன் பயனே இக்கட்டுரை.

விளையாட்டின் தோற்றம்

இவ்விளையாட்டின் வேர் நமக்குப் புதியதன்று. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் பலகைமேல் நிறுத்திய சதுரங்கம் பாரதநாட்டிற் பிறந்து, பாரசீகம், அரபுநாடு வழியாக ஐரோப்பாவை அடைந்தது. ஜேர்மனியின் பிறன்ஸ்விக் நகரில் ஆசிரியராயிருந்த ஹெல்விக் என்பார், அச்சதுரங்கத்தை விரித்து 1780இல் ஒரு போர்விளையாட்டை வெளியிட்டார். அவர் அமைத்த பலகையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்கள் இருந்தன. கட்டங்களின் நிறம் மலை, நீர், சமவெளி முதலியவற்றைக் குறித்தது.

நிலம் கட்டங்களாகப் பிறப்பதில்லை என்பதை உணர்ந்தவர் பிரசியா நாட்டு றைஸ்விற்ஸ் பிரபு. அவர் 1812இல், விரும்பியவாறு மாற்றி அடுக்கத்தக்க நிலத்துண்டுகளையுடைய மேசையொன்றைத் தம் அரசருக்குக் காணிக்கையாக்கினார். பீரங்கிப்படை அதிகாரியாயிருந்த அவர் மகன் 1824இல் அதனைத் திருத்தி, 8,000இல் ஒரு பங்கு அளவில் வரைந்த நிலப்படத்தின்மேல் ஆடும் முறையை வகுத்தார். ஒவ்வொரு முறையும் மெய்ப்போரில் இரண்டு நிமிடத்தைக் குறிக்கும். சேதத்தைப் பகடை தீர்மானிக்கும்; ஐயங்களை நடுவர் தீர்ப்பார். முதலில் அசட்டையாகப் பார்த்த பிரசியப் படைத்தலைவர் மியூப்ளிங், ஆட்டம் வளர வளர வியப்புற்று, இது வெறும் விளையாட்டன்று, போர்ப்பயிற்சியே எனப் பாராட்டி, படையினர் யாவரும் பயில வேண்டுமெனப் பரிந்துரைத்தார் என்பர். 1870–71இற் பிரான்சைப் பிரசியா வென்ற பின்னர், ஏனைய நாட்டுப் படைகளும் அம்முறையை மேற்கொண்டன.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இதுவரை கூறிய ஆட்டம் படைப் பாசறைக்கு உரியது. அதன் நோக்கம் நாளைய போரில் வெல்லுதல். எதிரே அமர்ந்தவர் இன்று உடன்பயிலும் அதிகாரியேயாயினும், அவர் நாளைய பகைவனின் இடத்தில் இருத்தப்பட்டவரே. அவ்வாட்டம் நண்பர் கூடி மகிழும் பொழுதுபோக்கானது எவ்வாறு என்பதே இனி அறிய வேண்டுவது.

எழுத்தாளர் இருவர்

நெஞ்சுநோய் தணியும்பொருட்டுச் சுவிற்சர்லாந்தின் தாவோஸ் என்னும் மலையூரில் 1880ஆம் ஆண்டையடுத்த இரு குளிர்காலங்களைக் கழித்தார் ஆங்கில எழுத்தாளர் றொபேட் லூயிஸ் ஸ்ரீவன்சன். 'புதையல் தீவு' என்னும் கதையை அவர் எழுதி முடித்ததும் அங்கேயே. அவர்தம் மனைவியின் முன்னை மணத்து மகனான லொயிட் ஒஸ்போர்ண் என்னும் சிறுவனும் அவரும், மேல்மாடத் தரையிற் சுண்ணக்கட்டியாற் சாலைகளும் ஆறுகளும் வரைந்து, நூற்றுக்கணக்கான ஈயவீரர்களை நிறுத்திப் பல நாள் நீடித்த போர்களை நடத்தினர். ஸ்ரீவன்சன் அப்போர்களைப்பற்றிப் போலிப் பத்திரிகைச் செய்திகளும் எழுதி மகிழ்ந்தார். அச்சிறுவன் வளர்ந்து 1898இல் அவ்விளையாட்டைப்பற்றிக் கட்டுரையொன்று வெளியிட்டான். நோயாளியான தந்தைக்கும் தனித்திருந்த மகனுக்கும் அவ்வீயவீரர் தோழமை அளித்தனர் எனலாம்.

இவ்வாட்டத்துக்கு எளிய விதிகள் வகுத்து உலகறியச் செய்தவர் எச். ஜீ. வெல்ஸ். 1893இல் இலண்டன் பிரித்தன் நிறுவனத்தார் ஈயவீரரை உள்ளீடின்றி வார்க்கும் முறையைக் கண்டமையால் பொம்மைகளின் விலை குறைந்து, நடுத்தர இல்லங்களிலும் படைகள் பெருகியிருந்தன. வில்விசையால் மரக்குண்டு எறியும் சிறு பீரங்கியும் கடைகளில் விற்கப்பட்டது. உணவுக்குப் பின் நண்பரொருவர் அப்பீரங்கியாற் பொம்மையொன்றைக் குறிவைத்து வீழ்த்த, அதுவே விளையாட்டாயிற்று என வெல்ஸ் தம் நூலிற் கூறுகின்றார். 'சிறு போர்கள்' என்னும் அந்நூல் 1913இல் வெளிவந்தது.

அவர் விதிகள் சிலவே. போர் தொடங்குமுன் களத்தின் நடுவே திரைகட்டி, இருவரும் ஒருவர் அறியாமல் மற்றவர் படையை நிறுத்துவர். காலாள் ஒருமுறைக்கு ஓரடியும், குதிரைவீரன் ஈரடியும் செல்லலாம். பீரங்கியின் அருகே ஆறங்குலத்துள் நால்வரேனும் இருந்தாலன்றி அதனைச் சுடுதல் கூடாது. படை நகர்த்துதற்குக் காலவரையறை உண்டு. கடிகாரம் நிற்பதில்லை, ஆதலின் எண்ணமிடும் நேரமும் போரின் ஒரு பகுதியாயிற்று.

அந்நூலின் முடிவில் வெல்ஸ், இச்சிறு போர்களை ஆடியவர் பெரும்போர் எத்துணை மடமை என்பதை உணர்வர் என்னும் கருத்தை வற்புறுத்துகின்றார். ஈயவீரன் வீழ்ந்தால் எடுத்துப் பெட்டியில் வைக்கலாம். தாய் பெற்ற மகன் வீழ்ந்தால் யாது செய்வது? ஆயினும், நூல் வெளிவந்த மறுவருடமே முதல் உலகப்போர் மூண்டது. அதனைப் போருக்கே முடிவுகட்டும் போரென வெல்ஸ் நம்பி எழுதினார். அந்நம்பிக்கையும் பொய்த்தது. அவர் இரண்டாம் உலகப்போரையும் கண்டு 1946இல் மறைந்தார்.

பின்னைய வளர்ச்சி

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் இவ்விளையாட்டு மீண்டும் தளிர்த்தது. அமெரிக்காவின் கலிபோர்ணியாவில் ஜக் ஸ்கறூபி 1957இல் இதற்கெனச் சஞ்சிகை தொடங்கினார். 1959 முதல் எயர்பிக்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட சிறு பிளாஸ்டிக் வீரர்கள், கைச்செலவுக்குக் கிடைக்கும் சில்லறையைக்கொண்டே ஒரு மாணவன் படை திரட்ட உதவினர். டொனால்ட் பெதர்ஸ்ரோன் 1962இல் எழுதிய நூல் இங்கிலாந்திற் பலரை இதன்பால் ஈர்த்தது. 1967இல் பிறிகேடியர் பீற்றர் யங் நண்பரொருவரோடு சேர்ந்து மற்றொரு நூலை வெளியிட்டார். பெதர்ஸ்ரோன் அவ்வுலகப்போரில் தாங்கிப்படையிற் பணிபுரிந்தவர். யங் அதிரடிப்படையிற் பொருதவர். போரை நேரிற் கண்ட அன்னோரே பொம்மைப் போரை நாடினர் என்பது எம் ஐயத்துக்கு ஒருவகை மறுமொழியாகும். அவர்கள் இரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்கியவரல்லர்.

பின்னர்க் கற்பனை உலகப் போர்களும் எழுந்தன. 1971இல் வந்த இடைக்காலப் போர்விதி நூலொன்றின் வழியே, 1974இற் கதைமாந்தராக நடித்தாடும் புதுவகை விளையாட்டுப் பிறந்தது. 1983இல் இங்கிலாந்தில் 'வார்ஹமர்' தோன்றியது. அவற்றை விரிப்பிற் பெருகும்.

தொடங்கும் முறை

புதிதாய்த் தொடங்குவோர் பெரும்படை திரட்ட முனைதல் வேண்டா. 1990இல் பில் பாக்கரும் துணையாசிரியரும் பண்டைக்காலப் போர்களுக்கு வகுத்த சுருங்கிய விதிகள் தொடக்கத்துக்கு ஏற்றன. ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு படைத்துண்டுகளே. ஒரு துண்டிற் பெரும்பாலும் இருவர் முதல் நால்வர் வரை ஒட்டப்பட்டிருப்பர். பதினைந்து மில்லிமீற்றர் உயர வீரராயின் இரண்டடிச் சதுரக் களம் போதும். ஒரு மணித்தியாலத்துள் ஆட்டம் முடியும்.

அவ்விதிகளுள் ஒன்று எம் உள்ளத்தைக் கவர்ந்தது. ஒவ்வொரு முறையும் ஆடுவோர் பகடை உருட்டுதல் வேண்டும். ஆறு விழுந்தால் ஆறு நகர்வுகள்; ஒன்று விழுந்தால் ஒன்றே. சேர்ந்து நிற்கும் துண்டுகள் ஒரே நகர்வாற் செல்லும். சிதறிய துண்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நகர்வு வேண்டும். எனவே, அணிகுலையாது நிற்பவனுக்கு ஒன்றும் போதுமானது. சிதறியவனுக்கு ஆறும் போதாது. தலைவன் எண்ணியவெல்லாம் நடவாது என்பதையும், ஒழுங்கின் பயனையும் இவ்வொரு விதி கற்பிக்கின்றது.

வீரரை வாங்கியபின் வண்ணந்தீட்டல் வேண்டும். உரோமக் காலாளின் கேடயத்துக்கு எந்நிறம் தீட்டுவது என வினவத் தொடங்கியவன், வரலாற்று நூலைத் தானே தேடுவான். பொருள் வசதியற்ற மாணவர் தடித்த மட்டையை வெட்டிப் படையாக்கலாம். அதனால் ஆட்டத்துக்கு ஒரு குறையும் நேராது.

நட்பும் விதியும்

இவ்விளையாட்டின் உயிர்நிலை யாதென வினவின், எதிரே நிற்கும் நண்பரே என்போம். இங்கே பெரும்பாலும் நடுவர் இல்லை. அளப்பவர் நாமே, பகடையை வாசிப்பவரும் நாமே. மயிரிழை பிசகினால் ஒரு படை பிழைக்கும். மயிரிழை கூடினால் மடியும்.

ஒருநாள் எம் வில்லாளர் நண்பரின் குதிரைப்படையை எட்டுவர் எனக் கொண்டு பகடையைக் கையில் எடுத்தோம். அவர் தடுத்தார். எம் அளவுகோல் சாய்ந்திருந்தது. நேராகப் பிடித்தால் அரையங்குலம் எட்டவில்லை. எமக்கு முகம் சுண்டிற்று. இரண்டு முறை கழித்து அவர் தம் படையொன்றை நகர்த்தினார். நகர்த்தியபின் சற்று நின்று, சேற்றுநிலத்தில் அவ்வளவு செல்லலாகாது எனக் கூறித் தாமே பின்னே வைத்தார். அத்தவற்றை யாம் கண்டிலேம். அந்நகர்வு நின்றிருந்தால் அவர் வென்றிருப்பார். அன்று வென்றவர் யாம்; கற்றவரும் யாமே. பிறர் காணாத தவற்றைத் தாமே திருத்துபவரோடு மீண்டும் ஆட விரும்பாதார் யார்?

ஐயம் தீர்தல்

இனி எம் முதல் வினாவுக்கு வருவோம். மெய்ப்போரில் எதிரி மனிதன் என்பதை மறந்தாலன்றிப் படை நகராது. மேசைப் போரிலோ எதிரி நண்பன் என்பதை மறந்தால் ஆட்டமே நிகழாது. அவன் உடன்பட்டாலன்றி விதியில்லை. அவன் வந்தாலன்றிக் களமில்லை. அவன் கண்ணாற் களத்தைப் பார்த்தாலன்றி வெற்றியுமில்லை. ஆட்டம் முடிந்தபின் தோற்றவரும் வென்றவரும் கூடியிருந்து, வீழ்ந்த வீரரை எண்ணிப் பெட்டியில் அடுக்குவர். தேநீர் அருந்தி, எங்கே பிழைத்தோம் என உரையாடுவர். மெய்ப்போரில் வீழ்ந்தோரை எண்ணலாம், எழுப்பவியலாது. இவ்வேறுபாட்டைப் பெட்டி மூடும்போதெல்லாம் நினைப்பவருக்கு இவ்விளையாட்டால் ஊறில்லை. நினையாதவருக்குச் சதுரங்கமும் ஆகாது.

ஆயினும், போரின் வடு ஆறாதவர்க்கு இதனை வற்புறுத்தல் தகாது. உறவினரை இழந்தார் ஒருவர் ஈயவீரரையும் காணப் பொறாராயின், அவர் முன்னே பெட்டியைத் திறவாதிருத்தலே பண்பு. அத்தகையார் பொருட்டு யாமும் பலமுறை திறவாது வைத்திருக்கின்றோம்.

மாணவச் செல்வர்களே, பழைய நண்பர்களே! இவ்விளையாட்டையே ஆடுக என்று யாம் கூறவில்லை. எவ்விளையாட்டாயினும், எதிரே நிற்பவர் நண்பர் என்பதை மறவாது ஆடுக. காண்பாரில்லாவிடத்தும் அளவுகோலை நேராகப் பிடிக்க. கல்லூரி மைதானத்தில் நாம் முதலிற் கற்றதும் அதுவே அன்றோ!