ஜோடி வேண்டாம், கூட்டம் வேண்டும்: தொட்டிக்குச் சின்ன மீன் வாங்குமுன்

மீன் கடையில் விலையை ‘ஜோடி இவ்வளவு’ என்றுதான் சொல்வார்கள். நாமும் நியானில் ஒரு ஜோடி, டைகர் பார்பில் ஒரு ஜோடி, விடோவில் ஒரு ஜோடி என்று கை காட்டிவிடுகிறோம். கூட்டமாக வாழப் பிறந்த மீன்களுக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. தன் இனத்தார் சுற்றிலும் இல்லாத நியான் டெட்ரா செடி மறைவிலேயே ஒண்டிக் கிடக்கும், சரியாகத் தின்னாது, நிறமும் வெளுக்கும்.

1. ஓர் இனத்தில் குறைந்தது ஆறு வாங்குங்கள்; இடமிருந்தால் பத்து. டைகர் பார்பைப் பாருங்கள்: இரண்டு மூன்றாக விட்டால் தொட்டியிலுள்ள மற்ற மீன்களின் துடுப்பையெல்லாம் கடித்துக் கிழிக்கும். பத்துப் பன்னிரண்டாக விட்டால் துரத்தலும் சண்டையும் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். அப்போதும் ஃபைட்டர், ஏஞ்சல், ஆண் கப்பி போன்ற நீண்ட துடுப்புள்ள மீன்களோடு அதைச் சேர்க்கவே கூடாது. செர்பே டெட்ராவுக்கும் இதே விதிதான்.

2. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி கணக்குப்படி 56 லிட்டர் கொள்ளும். மணல், கல், மேலே விடும் இடைவெளி போக 45 லிட்டர்தான் மிஞ்சும். அதில் நீந்தும் கூட்டம் ஒன்று போதும் என்பது என் கட்சி. ஐந்து வகையில் இரண்டிரண்டாக இருக்கும் பத்து மீனைவிட, ஒரே வகையில் இருக்கும் பத்து மீன் பார்க்கவும் அழகு, அவற்றுக்கும் நிம்மதி. இரண்டாவது கூட்டம் வேண்டுமானால் மூன்றடித் தொட்டிக்குப் போங்கள்.

3. நம் ஊர் வெயிலை முதலில் கணக்கில் எடுங்கள். சென்னையிலும் மதுரையிலும் மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். நியானுக்கு 25 டிகிரிக்குள் இருப்பதே சுகம். அதே நீலமும் சிவப்பும் வேண்டுமென்றால் கார்டினல் டெட்ரா வாங்குங்கள். 28, 29 டிகிரி வரை தாங்கும். இரண்டையும் பிரித்தறிவது எளிது: நியானுக்குச் சிவப்பு பின்பாதியில் மட்டும் இருக்கும், கார்டினலுக்கு அடிவயிறு முழுக்க ஓடும். ஊட்டி, கொடைக்கானல் வாசிகளுக்கு ஹீட்டரோடு நியானே பொருத்தம்.

4. சூடான தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும். 32 டிகிரியில் சுமார் 7.3 தான். கோடையில் மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஜீப்ரா டேனியோ துள்ளி வெளியே விழும் மீன். அது இருந்தால் மூடிக்குப் பதில் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். மின்தடைக்குப் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

5. போர் தண்ணீர்தான் ஊற்றப் போகிறீர்களா? அப்படியானால் கார்டினல் ஆசையை விட்டுவிடுங்கள். அது தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ ஆற்று மீன். அந்த ஆற்று நீர் மிக மென்மையானது. உப்புப் படியும் கடின நீருக்கு ஜீப்ரா டேனியோ, பிளாக் விடோ டெட்ரா போன்ற உறுதியான இனங்களே சரி. ஜீப்ரா டேனியோ நம் கங்கைச் சமவெளியின் ஓடைகளில் வாழ்வது. அகன்ற வெப்ப வரம்பைத் தாங்கும், விலையும் குறைவு. புதிதாக மீன் வளர்ப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். இலங்கை ஓடைகளுக்கே உரிய செர்ரி பார்ப் சாதுவானது. செடி நிறைந்த தொட்டியில் ஆண் மீன் மிளகாய்ப்பழம் போலச் சிவக்கும்.

6. கடைக்காரரிடம் “இது இங்கே பண்ணையில் பொரித்த குஞ்சா, வெளியிலிருந்து வந்ததா?” என்று கேளுங்கள். சென்னை கொளத்தூர் மீன் கடைகளுக்குச் சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து வரும் மீன்கள் நம் தண்ணீருக்குப் பழகியவை. வந்திறங்கி இரண்டு நாள்கூட ஆகாத மீனை வாங்க வேண்டாம்.

7. வாய்க்குள் நுழைவது இரை. ஏஞ்சல் குஞ்சாக இருக்கும்போது நியானோடு நட்பாகத்தான் திரியும். வளர்ந்தபின் ஒவ்வொன்றாக விழுங்கிவிடும். விரல் நீளத்தில் விற்கும் சில்வர் ஷார்க் ஓரடியைத் தாண்டும். கோல்டு ஃபிஷ் கழிவு மிகுந்த, குளிர்ந்த நீர் விரும்பும் மீன். இந்தக் கூட்டத்தில் அதற்கு இடமில்லை.

8. அடித்தளத்துக்குக் கோரிடோரஸ் நல்ல துணை. இதுவும் கூட்ட மீன்தான். ஒன்று மட்டும் வாங்காதீர்கள். கூரான கல் அதன் மீசையைத் தேய்த்துவிடும் என்பதால் மென்மணல் போடுங்கள். வெயில் ஊர்களுக்கு ஸ்டெர்பாய் வகை ஏற்றது.

9. நிறம் ஏற்றிய மீன்களைத் தொடவே வேண்டாம். கண்ணாடி மீனின் தோலுக்கடியில் ஊசியால் சாயம் செலுத்தி ‘பெயிண்டட் கிளாஸ்’ என்று விற்கிறார்கள். பல மீன்கள் அந்த வேதனையிலேயே சாகின்றன. பிழைத்தவற்றில் சாயம் மாதங்களில் மங்கிவிடும். நாம் வாங்காமல் இருந்தால்தான் இது நிற்கும்.

10. வாங்கும் தொட்டியை இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். துடுப்பை ஒடுக்கிக்கொண்ட மீன், வயிறு ஒட்டிய மீன், உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி உள்ள மீன் ஒன்று இருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். தீனி போடச் சொல்லுங்கள். பாய்ந்து வராத கூட்டம் நலமாக இல்லை.

11. தொட்டி வைத்த அன்றே மீன் விடக் கூடாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நண்பர் வீட்டு ஆரோக்கியமான தொட்டியின் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் கிடைத்தால் காலம் குறையும். அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், குளோரின் அத்தனையையும் கொன்றுவிடும். முதலில் ஆறு மீன், இரண்டு வாரம் கழித்து அதே இனத்தில் மீதி.

12. காலையில் விளக்கைப் போட்டதும் நியானும் கார்டினலும் வெளிறித் தெரிந்தால் பதற வேண்டாம். இரவில் அவை நிறத்தை ஒடுக்கிக்கொள்ளும், சிறிது நேரத்தில் திரும்பிவிடும். நண்பகலிலும் அப்படியே இருந்தால் அம்மோனியாவைச் சோதித்துவிட்டு, கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.