கூலிக்குக் காவல், யாரிடம் வழக்கு?

அன்புள்ள நிலா,

சட்டக் கல்லூரியில் சேர்ந்ததுமே வில்லங்கமான கேள்வியாகக் கேட்டிருக்கிறாய்: தனியார் ராணுவ நிறுவனத்தின் ஆள் அப்பாவிகளைச் சுட்டால் யார் விசாரிப்பது? சட்டத்துக்குப் பஞ்சமில்லை. எந்த நீதிமன்றப் படியேறுவது என்பதில்தான் இழுபறி.

பாக்தாத்தின் நிசூர் சதுக்கம், 2007 செப்டம்பர் 16. அமெரிக்க வெளியுறவுத் துறைக்குக் காவல் வேலை பார்த்த பிளாக்வாட்டர் நிறுவனத்தின் கவச வண்டிகள் ரவுண்டானாவை மறித்து நின்றன. முதலில் குண்டு பாய்ந்தது ஒரு வெள்ளை கியா காரின் மீது. ஓட்டி வந்தவர் மருத்துவ மாணவர்; பக்கத்தில் அவருடைய தாய். பிறகு இயந்திரத் துப்பாக்கி, எறிகுண்டு. 17 பேர் இறந்தார்கள். அதில் ஒன்பது வயதுப் பையனும் ஒருவன்.

இராக்கால் வழக்குப் போட முடியவில்லை. இராக்கியரிடம் ஆட்சியை ஒப்படைக்க ஒரு நாள் இருக்கையில், 2004 ஜூன் 27 அன்று, அமெரிக்க நிர்வாகி பால் பிரேமர் 17ஆம் எண் ஆணையைத் திருத்திக் கையெழுத்திட்டிருந்தார். அதன்படி, ஒப்பந்தக்காரர்கள் பணியின்போது செய்தவற்றை இராக் நீதிமன்றங்கள் தொட முடியாமல் போனது. போகிற போக்கில் போட்ட பூட்டு அது!

‘கூலிப்படை’ என்று சொல்லிப் பிடிக்கலாமே என்பாய். ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977 கூடுதல் நெறிமுறை, பிரிவு 47ஐப் பார். ஆறு நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்த வேண்டும். போரிடும் நாட்டின் குடிமகன் என்றாலே ஆள் வெளியே. அமெரிக்கக் காவலர்கள் அப்படித்தான் நழுவினார்கள்.

மிஞ்சியது அமெரிக்க நீதிமன்றம். அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை: வெளிநாட்டில் செய்த குற்றங்களை விசாரிக்க வகைசெய்யும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் துறையின் பணிக்குத் துணைநின்றவர்களுக்கானது; தாங்களோ வெளியுறவுத் துறையின் ஆட்கள் என்று காவலர்கள் வாதாடினார்கள். 2009இல் வழக்கு தள்ளுபடியானது, 2011இல் உயிர்பெற்றது, 2014இல் நால்வர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2020 டிசம்பரில் டிரம்ப் நால்வரையும் மன்னித்தார். அது அமெரிக்காவின் சர்வதேசக் கடமைகளை மீறுவதாக ஐ.நா. நிபுணர்கள் கண்டித்தார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

2008இன் மான்ட்ரூ ஆவணத்தையும் படி. சுவிட்சர்லாந்தும் செஞ்சிலுவைச் சங்கமும் முன்னின்று உருவாக்கியது. யாரையும் கட்டுப்படுத்தாது என்று பலர் உதறிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலையைத் தனியாரிடம் விட்டாலும் பொறுப்பு அரசை விட்டுப் போகாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. வேலைக்கு அமர்த்திய நாடு, சம்பவம் நடந்த நாடு, நிறுவனம் பதிவான நாடு என மூன்றின் கடமைகளையும் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது.

இனி இப்படி ஒரு வழக்கு கையில் வந்தால் முதலில் வேலை ஒப்பந்தத்தைத் தேடி எடு. கையெழுத்திட்டது எந்தத் துறை, எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது, விலக்கு ஏதும் தந்திருக்கிறார்களா என்று பார். ஒப்பந்தங்களை அவ்வளவு சுலபத்தில் கண்ணில் காட்டமாட்டார்கள், விடாதே.

அன்புடன்,
மாமா