மெருகும் மெழுகும்

மலேசிய மகிழுந்துத் தொழிலின் வரலாற்றில் கிள்ளான் பள்ளத்தாக்கிற்குத் தனி இடம் உண்டு. 1983ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட புரோட்டோன் நிறுவனம், ஷா ஆலாம் தொழிற்சாலையில் உருவாக்கிய சாகா மகிழுந்தை 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகப்படுத்தியது. அங்கிருந்து வெளிவந்த முதல் சாகா, கோலாலம்பூரில் உள்ள தேசிய அரும்பொருளகத்தில் வைக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டில் பெரோடுவா நிறுவனத்தின் கான்சில் சாலைக்கு வந்தது. இன்று பல குடும்பங்கள் வங்கிக் கடன் பெற்றே புதிய மகிழுந்தை வாங்குகின்றன. அக்கடனை அடைக்க 9 ஆண்டுகள் வரை ஆகலாம். கடன் தீரும் முன்பே வாகனத்தின் நிறம் மங்கிவிட்டால், அதன் மறுவிற்பனை மதிப்பும் குறையும். ஆகவே, வண்ணப்பூச்சைப் பேணும் முறையை அறிவது அவசியமாகும்.

புதிய மகிழுந்தின் வண்ணப்பூச்சு ஒரே படலம் அன்று. இரும்புத் தகட்டின் மேல் முதலில் துருத் தடுப்புப் படலம் படிகிறது. அதன்மீது அடிப்பூச்சும் நிறப்பூச்சும் அமைகின்றன. இறுதியாக, நிறமற்ற ஒளிபுகு பூச்சு தெளிக்கப்பட்டுச் சூளையில் ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இறுக்கப்படுகிறது. இப்படலங்கள் அனைத்தும் சேர்ந்தாலும், நாம் எழுதும் தாளின் கனத்தை ஒட்டியே இருக்கும். பளபளப்பைத் தரும் ஒளிபுகு பூச்சோ அதில் பாதிகூட இராது. சூரியனின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இம்மெல்லிய படலமே.

மெருகேற்றுதல், மெழுகு பூசுதல் ஆகிய இரண்டையும் பலர் ஒன்றெனக் கருதுகின்றனர். உண்மையில், இவை எதிரெதிரான செயல்கள். மெருகுப் பசையில் மிக நுண்ணிய துகள்கள் உள்ளன. அவை கீறல் இருக்கும் இடத்தைச் சுற்றியுள்ள ஒளிபுகு பூச்சைத் தேய்த்துச் சமன்படுத்துகின்றன. கீறல் மறைகிறது; ஆனால், பூச்சும் சிறிது குறைகிறது. குறைந்ததை மீண்டும் வளர்க்க இயலாது. மெழுகோ எதையும் எடுப்பதில்லை. பூச்சின் மேல் மற்றொரு மெல்லிய படலமாகப் படிகிறது. வெயில், மழை, தூசு ஆகியவற்றின் தாக்கத்தை முதலில் அதுவே ஏற்றுத் தேய்கிறது. பிரேசில் நாட்டில் வளரும் கார்னோபா பனையின் ஓலையிலிருந்து கிடைக்கும் மெழுகு, இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானது. எனவே, வாகன மெழுகு தயாரிப்பில் அது பெரிதும் பயன்படுகிறது.

‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்பர். மாதந்தோறும் மெருகேற்றினால் ஒளிபுகு பூச்சும் அவ்வாறே தேய்ந்து, நாளடைவில் வெண்திட்டுகள் தோன்றும். பிறகு, முழுப்பகுதிக்கும் மறுபூச்சு அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கீறல் இல்லாத புதிய வாகனத்திற்கு மெருகேற்றல் தேவையில்லை. மெழுகுப் பாதுகாப்பே போதும்.

நம் நாட்டின் தட்பவெப்பநிலை வண்ணப்பூச்சுக்குக் கடும் சோதனையாகும். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன. கிள்ளான் துறைமுகப் பகுதியில் உப்புக் காற்றும் வீசுகிறது. நிழல் தரும் சாலையோர மரங்கள் பிசினையும் பறவை எச்சத்தையும் சேர்த்தே தருகின்றன. வெயிலில் காயும் எச்சம், பூச்சை அரித்துத் தழும்பை ஏற்படுத்தும். அதனை உலர்ந்த துணியால் தேய்க்காமல், ஈரத்துணியால் ஊறவைத்து மெதுவாக எடுக்க வேண்டும்.

மெழுகு பூசும் முன் வாகனத்தை நன்கு கழுவி உலர்த்த வேண்டும். ஒட்டியிருக்கும் மணல் துகள் ஒன்றே பல கீறல்களை உண்டாக்கிவிடும். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் பழைய மெழுகை அகற்றிவிடுவதால், வாகனத்திற்குரிய சவர்க்காரத்தைப் பயன்படுத்துவதே நன்று. நிழலில், தகடு சூடாக இல்லாத வேளையில், மெழுகைப் பகுதி பகுதியாக மெல்லப் பூச வேண்டும். அது உலர்ந்து வெண்மையாகத் தோன்றியதும், மென்மையான நுண்ணிழைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அதிகம் பூசுவதால் பயன் கூடாது. துடைக்கும் வேலைதான் கூடும். பின்னர் நீரைத் தெளித்தால் முத்து முத்தாகத் திரளும். சில வாரங்களோ மாதங்களோ கழித்து, நீர் திரளாமல் பரவினால், மீண்டும் மெழுகு பூசும் காலம் வந்துவிட்டது என அறியலாம்.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் முதலிய இடங்களில் உள்ள கோயில்களில் புதிய வாகனத்திற்குப் பூசை செய்வது நம்மவர் வழக்கம். வாகனத்தின் முன்புறத்தில் சந்தனமும் குங்குமமும் இடப்படும். சக்கரத்தின் கீழ் எலுமிச்சை வைக்கப்படும். எலுமிச்சைச் சாறு அமிலத் தன்மை உடையது. காய்ந்த சந்தனத்தை வறண்ட துணியால் தேய்த்தால் கீறல் விழும். ஆகையால், பூசை முடிந்து வீடு திரும்பியதும் இவற்றை நீரூற்றிக் கழுவுவது சிறந்தது.

விபத்திற்குப் பின் பட்டறையில் மறுபூச்சு அடித்த வாகனத்திற்கு இவ்விதி சற்று மாறுபடும். பட்டறைப் பூச்சு, தொழிற்சாலைச் சூளையின் உயர் வெப்பத்தில் இறுகுவதில்லை. அதிலுள்ள கரைப்பான் முழுமையாக ஆவியாகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மெழுகு பூசினால், அந்த ஆவி வெளியேறுவது தடைப்படும். எனவே, பட்டறையினர் கூறும் காலம்வரை காத்திருக்க வேண்டும்.

பொருளைப் பேணுவது என்பது ஓயாமல் தேய்த்துக்கொண்டிருப்பதன்று. எதைச் சேர்க்க வேண்டும், எதை எடுக்கக் கூடாது என்று அறிந்து செயல்பட்டால், உழைத்து வாங்கிய வாகனம் நெடுநாள் பொலிவுடன் விளங்கும்.

சிந்தனை வினாக்கள்

1. மெருகேற்றுவதற்கும் மெழுகு பூசுவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்ற பழமொழி இப்பகுதியில் எவ்வாறு பொருந்துகிறது?
3. மறுபூச்சு அடித்த வாகனத்திற்கு உடனே மெழுகு பூசக்கூடாது. ஏன்?