‘ஆம்’ என்று முடியும் செய்திகள்



நாம் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லும்போது ஒரு சின்னச் சொல்லையும் சேர்த்துச் சொல்கிறோம். “தடுப்பூசி போட்ட புள்ளைக்கு கை விளங்காமப் போயிடுச்சாம்.” “அந்தப் பாணியக் குடிச்சா நோய் அண்டாதாம்.” கடைசியில் வரும் அந்த ‘ஆம்’ என்ன சொல்கிறது? ‘இதை நான் பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டேன்’ என்கிறது. நம் மொழியே நம்மை எச்சரிக்கிறது. ஆனால் செய்தி அடுத்த லயத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த ‘ஆம்’ உதிர்ந்துவிடுகிறது. ‘போயிடுச்சாம்’ என்பது ‘போயிடுச்சு’ ஆகிறது. இப்போது கைத்தொலைபேசியும் வந்துவிட்டதால், பெரட்டுக்குப் போகுமுன்னே அது பத்துத் தோட்டம் சுற்றி வந்துவிடுகிறது.

உடல்நலம் பற்றிய செய்தியில் அந்த ‘ஆம்’ உதிர்ந்து போனால் என்ன நடக்கும்? இந்த இதழில் அதைத்தான் படிக்கப் போகிறோம். அதற்கு நாம் கொஞ்ச நேரம் மலையிலிருந்து இறங்கிக் கடற்கரைக்குப் போக வேண்டும்.

ஆலங்குடாவின் தண்ணீர்

புத்தளம் மாவட்டத்தில், ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் களப்புமாக நீண்டு கிடக்கிறது கற்பிட்டித் தீபகற்பம். அங்கே உள்ள ஊர்தான் ஆலங்குடா. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பலர் வந்து தங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. தீபகற்பம் எங்கும் மணல் மண். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் தெரியும். நமக்குப் பீலித் தண்ணீர் எப்படியோ, அங்குள்ளவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் அப்படி.

நிலத்தடித் தண்ணீரைப் பற்றி இரண்டு செய்திகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்று சோதிக்காமல் சொன்னது. மற்றது சோதித்துச் சொன்னது.

சோதிக்காமல் சொன்னது

2020இல் கொவிட் நோய் வந்தபோது, இறந்தவர்களைப் புதைத்தால் கிருமி நிலத்தடி நீரில் கலந்து பரவும் என்று நம் நாட்டில் சொல்லப்பட்டது. படித்தவர்களும் அதைச் சொன்னார்கள். 2020 ஏப்ரலில் எல்லா உடல்களையும் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானியில் சட்டமே வந்தது. ஆனால் அதற்கு முன்பே, 2020 மார்ச்சில், புதைக்கலாம் அல்லது எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியிருந்தது. அந்தக் கிருமி முக்கியமாக மூச்சுக் காற்றின் வழியே பரவுவது. உயிருள்ள உடலுக்கு வெளியே அதனால் பெருக முடியாது. புதைகுழித் தண்ணீரால் ஒருவருக்குக் கொவிட் தொற்றியதாக உலகில் எங்குமே சான்று இல்லை.

புதைப்பதை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் பட்ட வேதனை கொஞ்சமல்ல. பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையின் உடலும் 2020 டிசம்பரில் எரிக்கப்பட்டது. செத்தால் எரித்துவிடுவார்களே என்று அஞ்சி, நோய் கண்டும் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கியவர்கள் இருந்தார்கள். நம் தோட்டங்களிலும் புதைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்கள் நிறைய. பெற்றவளை, பெற்ற பிள்ளையை, நம் வழக்கப்படி அனுப்பி வைக்க முடியாமல் போவது என்ன துயரம் என்று நமக்குத் தெரியும்.

புதைக்க அனுமதிக்கலாம் என்று நம் நாட்டு வைத்தியர் சங்கங்களும் வெளிப்படையாகச் சொன்ன பிறகு, 2021 பெப்ரவரி இறுதியில் அந்தச் சட்டம் மாற்றப்பட்டது. மார்ச் மாதம் ஓட்டமாவடியில் புதைக்கத் தொடங்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வந்தது நல்லது. எரித்த உடல் திரும்பி வரப் போவதில்லை.

சோதித்துச் சொன்னது

இப்போது மற்றச் செய்தியைக் கேளுங்கள். கற்பிட்டியில் வெங்காயம், மிளகாய், மரக்கறி எல்லாம் பயிரிடுகிறார்கள். அதற்குப் போடும் உரம் மணலில் நிற்காது. மழையோடும் பாய்ச்சும் தண்ணீரோடும் கீழே இறங்கும். ஆய்வாளர்கள் கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்து ஆய்வுகூடத்தில் பார்த்தார்கள். பல கிணறுகளில் நைத்திரேற்று என்ற உப்பு அளவுக்கு மேல் இருந்தது. குடிநீரில் அது ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

இந்த உப்புக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால், குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகலாம். உதடு நீலம் பாயும். உயிருக்கே ஆபத்தாகலாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து வராது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ‘தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க’ என்று நாம் எப்போதும் சொல்கிறோம். அது உண்மை. வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி ஆகியவற்றின் கிருமிகள் கொதியில் சாகும். நம் பீலித் தண்ணீருக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் நைத்திரேற்று கொதித்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் செறிவாகும். அதற்கு வேறு தண்ணீர்தான் வழி. ‘கொதிக்க வச்சா எல்லாம் சரியாயிடும்’ என்று ஒரே வரியில் சொன்னால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் ஒரு பிள்ளைக்கு அது ஆபத்தாகிவிடும். நேர்மையான சுகாதாரப் பேச்சு, ஒரு மருந்து எதற்கு உதவும் என்று சொல்வதோடு எதற்கு உதவாது என்றும் சொல்லும்.

மாற்றிச் சொன்னால் பொய்யா?

“டாக்டருங்களே இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு சொல்றாங்களே?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கொவிட் தொடக்கத்தில், எல்லாரும் முகக்கவசம் போடத் தேவையில்லை என்றார்கள். 2020 ஜூனில், விலகி நிற்க முடியாத இடங்களில் துணி முகக்கவசம் போடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மாற்றிச் சொன்னது. புதிய சான்று வந்ததும் பழைய பேச்சைத் திருத்துவது ஏமாற்று ஆகாது. சான்று வந்த பிறகும் திருத்த மறுப்பதுதான் கெடுதல்.

2020 டிசம்பரில் கேகாலைப் பக்கம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தேனும் சாதிக்காயும் சேர்த்த ஒரு பாணி கொவிட்டை வராமல் தடுக்கும் என்று சொல்லி, ஆயிரக்கணக்கானோர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நோய் பரவுவதே நெருக்கத்தில்தான்! அந்தப் பாணியைப் பலர் பார்க்கக் குடித்த அப்போதைய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் கொவிட் வந்தது. கைவைத்தியம் எல்லாம் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. தடிமனுக்குக் கொத்தமல்லித் தண்ணீர் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் இதம் தருவது வேறு, நோயைத் தடுப்பது வேறு.

நம் லயத்தில்

ஒரு தாயும் மருத்துவச்சியும் இப்படிப் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

“மிஸ்ஸி, வயித்தால போற புள்ளைக்கு தண்ணி குடுத்தா இன்னும் கூடப் போகுமாமே?”

“யாரும்மா சொன்னாங்க?”

“பக்கத்து வீட்டு ஆயா.”

“ஆயாவுக்கு உங்க புள்ள மேல அக்கறைதான். ஆனா போற தண்ணிக்கு ஈடு குடுக்காட்டி புள்ள காஞ்சு போயிடும். அதுதான் உயிருக்கு ஆபத்து. பக்கட்டில சொன்ன அளவு, கொதிச்சு ஆறின தண்ணியில ஜீவனி கரைச்சு, கொஞ்சங் கொஞ்சமா குடுங்க. தாய்ப்பால நிறுத்தாதீங்க.”

“குடுத்தா நின்னுடுமா மிஸ்ஸி?”

“உடனே நிக்காது. அது நிறுத்துற மருந்தில்ல. புள்ள காயாமப் பாத்துக்கிற மருந்து. கண்ணு உள்ள போனாலோ, ஒண்ணுக்குப் போகாட்டியோ, ரத்தம் கலந்து போனாலோ, காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

பார்த்தீர்களா? அவர் ஆயாவைக் கேலி செய்யவில்லை. காரணம் சொன்னார். ‘உடனே நிக்காது’ என்ற உண்மையையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால், மறுநாள் காலையிலும் வயிற்றோட்டம் நிற்கவில்லை என்று அந்தத் தாய் ஜீவனியைத் தூக்கிப் போட்டிருப்பாள்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. இதை யார் பார்த்தது, யார் சோதித்தது? ‘எல்லாரும் சொல்றாங்க’ என்பது பதில் ஆகாது.

2. இது எதற்கு உதவும், எதற்கு உதவாது? ‘எல்லா நோய்க்கும்’ என்றால் சந்தேகப்படுங்கள்.

3. சொல்பவருக்கு இதில் வியாபாரமோ, வேறு இலாபமோ உண்டா?

4. இதை நம்பி நடந்து, பிறகு பொய் என்று தெரிந்தால் யாருக்கு நட்டம்? பிள்ளைக்கு என்றால், முதலில் டிஸ்பென்சரியிலோ கிளினிக்கிலோ கேளுங்கள்.

உத்தியோகத்தரிடமும் வைத்தியரிடமும்கூட இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல. பதில் தெரியாவிட்டால் ‘தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்’ என்று சொல்பவரை இன்னும் கூடுதலாக நம்பலாம்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அடுத்த முறை ஒரு செய்தியைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லுமுன், அந்த ‘ஆம்’ இன்னும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். விசாரிக்கும்வரை அதை உதிரவிடாதீர்கள்.

கூடிப் பேச: கடந்த மாதம் உங்கள் லயத்தில் பரவிய உடல்நலச் செய்தி ஒன்றைச் சொல்லுங்கள். அது யாரிடமிருந்து வந்தது? நான்கு கேள்விகளையும் அதனிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளை மடுவத்திலோ மாதர் சங்கத்திலோ கூடும்போது, படிக்கத் தெரிந்தவர் இதை வாசித்து மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.