பயிற்சி ஆசிரியரின் மனமும் மதிப்பெண்ணும்

கல்வி உதவி கேட்டு வரும் பி.எட். மாணவிகளிடம் நாங்கள் முதலில் கேட்பது மதிப்பெண் பட்டியலைத்தான். அந்த மதிப்பெண்ணை எடுத்தபோது பிள்ளையின் மனம் எப்படி இருந்தது என்று கேட்டதில்லை. அது எங்கள் குறைதான்.

பி.எட். 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பு. இரண்டாம் ஆண்டில் 16 வாரம் ஒரு பள்ளியில் பாடம் நடத்த வேண்டும். எழுத்துத் தேர்வில் பயம் வந்தால் அது நமக்கு மட்டுமே தெரியும். வகுப்பில் குரல் நடுங்கினால் நாற்பது பிள்ளைகளுக்கும் தெரியும். கடைசி பெஞ்சில் குறிப்பெழுதும் வழிகாட்டி ஆசிரியருக்கும் தெரியும்.

நாங்கள் கட்டணம் கட்டிய ஒரு பெண், முதலாண்டில் நல்ல மதிப்பெண். பயிற்சியின்போது கரும்பலகையில் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டாள். வகுப்பு சிரித்தது. மாணவர் முன்னிலையிலேயே திருத்தினார் ஆசிரியர். மறுநாள் காய்ச்சல் என்றாள். அடுத்த வாரம் பள்ளிக்கே போகவில்லை. "படிப்பு ஏறலை, நிறுத்திடலாம்னு பார்க்கிறோம்" என்றார் அவளுடைய வாப்பா. ஏறாதது படிப்பல்ல.

ஜெர்மன் உளவியலாளர் ரைன்ஹார்ட் பெக்ருன் 2006இல் விளக்கிய கருத்து இங்கே பொருந்துகிறது. கற்பவர் மனத்தில் இரண்டு கேள்விகள் ஓடுகின்றன: இது என்னால் ஆகுமா? இது எனக்கு எவ்வளவு முக்கியம்? முக்கியம், ஆனால் ஆகுமா என்பது சந்தேகம் என்றால் பதற்றம். ஆகவே ஆகாது என்றால் நம்பிக்கையிழப்பு. முக்கியமே இல்லை என்றால் சலிப்பு. ஆகும், பிடித்தும் இருக்கிறது என்றால் மகிழ்ச்சி. பதற்றம் வந்தால் மனத்தில் ஒரு பங்கு கவலைக்கே போய்விடும். பாடத்துக்கு மிச்சம் இருப்பது குறைவு. மதிப்பெண் குறைந்தால் பதற்றம் மேலும் கூடும். இது இருபுறமும் சுழலும் சக்கரம்.

அதற்காக, மனம் சரியானால் மதிப்பெண் தானே வரும் என்று யாரும் எண்ண வேண்டாம். கரோலின் மக்கானும் அவருடைய குழுவினரும் 2020இல், 42,000க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். உணர்வுகளைப் புரிந்து கையாளத் தெரிந்தவர்கள் படிப்பிலும் சற்று முன்னே இருந்தனர். ஆனால் அறிவுத்திறனுக்கும் ஒழுங்காகப் படிக்கும் பழக்கத்துக்கும் அடுத்த இடம்தான் அதற்கு. பாடக் குறிப்பை எழுதாமல் போனால் எந்த மன அமைதியும் காப்பாற்றாது.

வீட்டின் பங்கும் இதில் உண்டு. திருமணமான பிள்ளைகள் சமையல் முடித்து, குழந்தையைத் தூங்கவைத்து, இரவு பதினொரு மணிக்கு சார்ட் வரைய உட்காருகிறார்கள். அப்போது "டீச்சராகி என்ன ஆகப் போகுது?" என்று ஒரு வார்த்தை விழுந்தால், பெக்ருன் சொன்ன இரண்டாவது கேள்விக்கு நாமே பதில் எழுதிவிடுகிறோம்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். உபதேசம் எதுவும் செய்யவில்லை. அவளுடைய உம்மாதான் வழி சொன்னார்: மறுநாள் நடத்த வேண்டிய பாடத்தை முதல்நாள் மாலை மாடியில் தம்பிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் நடத்து. முதல்நாள் தம்பியும் சிரித்தான். நான்காம் நாள் கேள்வி கேட்டான். விட்டுப்போன நாட்களைக் கல்லூரி அனுமதியோடு ஈடுகட்டி, பயிற்சியை முடித்தாள்.

இவ்வாண்டு உதவித்தொகை விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: "பயிற்சியில் உங்களுக்கு மிகவும் கடினமாக இருப்பது எது?" பிள்ளையே தன் கையால் எழுதட்டும், பெற்றோர் நிரப்ப வேண்டாம்.