அடைப்புக்குறிக்குள் என்ன?

வர்க்கமூலம் காணும் ‘மூலம்’ என்ற சார்பைக் கணிப்பொறிக்கு எவ்வாறு அறிவிப்பது? 1972 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் ‘டபுள் மூலம்( )’ என்று எழுதினர். டபுள் என்பது தசம எண். விடையின் வகை அது. உள்ளே தருவது எவ்வகை எண்? அதைச் சொல்ல இடமே இல்லை!

முழு எண்ணாக 2 கொடுத்தால் என்ன ஆகும்? சார்போ தசம எண்ணை எதிர்பார்க்கிறது. இரண்டின் பிட்டு அமைப்பும் வேறு. 1.414 வராது, குப்பை வரும். பிழைச் செய்தியும் வராது. (எனக்கு இதுதான் பொறுக்காது.)

1989ஆம் ஆண்டுத் தரம், சி ப்ளஸ் ப்ளஸ் மொழியிடமிருந்து ‘டபுள் மூலம்(டபுள்)’ என்னும் முறையைக் கடன் வாங்கியது. இனி 2 தானே 2.0 ஆகிவிடும். ஆனால் பழைய நிரல்களும் ஓட வேண்டுமே! எனவே வெற்று அடைப்புக்குறியும் பழைய பொருளிலேயே நீடித்தது. ‘உள்ளீடு இல்லை’ என்ற பொருளை அது பெற்றது 2024இல் வெளியான தரத்தில்தான்.